பாலைவன நடை: எடை குறைப்பதில் செய்யும் தவறுகள்

ராயக்கோட்டை மலையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் இரண்டு மூன்று நாள் நடந்து பார்க்க ஆசை வருவது இயல்புதான். ஆசை வந்தவுடன் முதலில் பையை வாங்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 60 லிட்டர் பை வாங்கினால் அது நிரம்பும்வரை சாமான் சேர்ந்துகொண்டே போகும். கூடாரம், உள்ளே புகுந்து தூங்கும் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்), விரிப்பு, உடை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, அவை கொள்ளும் பையைக் கடைசியில் வாங்குங்கள்.

தண்ணீரும் உணவும் சேர்க்காமல் சுமை 9 கிலோவுக்குள் இருந்தால் இலேசு, 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலேசு என்பது நடைக்காரர்களின் கணக்கு. இதைப் படித்துவிட்டுப் பல்துலக்கியின் கைப்பிடியை அறுப்பவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வழியில் நீர் கிடைக்காத இடத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். வெயில் ஏறினால் 6 லிட்டரும் ஆகும். சாமானில் கிராம் கிராமாகக் குறைப்பதே இதற்கு இடம் விடத்தான். தண்ணீரைக் குறைத்துவிட்டு இலேசாகப் போனேன் என்று பெருமை பேசுவது அசட்டுத்தனம். எல்லாத் தண்ணீரையும் ஒரே பையில் நிரப்புவதும் அப்படித்தான். ஓர் ஓட்டை விழுந்தால் அன்றைய கதை முடிந்தது. மூன்று நான்கு பாட்டில்களாகப் பிரித்து வையுங்கள்.

வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எடை சில கிராம்தான். அரிசியும் நூடுல்ஸும் சமைக்கத் தனியாகத் தண்ணீர் கேட்கும். கடலை உருண்டை, பேரீச்சம்பழம், வறுத்த ராகி மாவு உருண்டை எதுவும் கேட்காது. எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டுபோகவும் கூடாது.

காற்றடைக்கும் விரிப்பு எடை குறைவுதான். ஆனால் தார்ப் பாலைவனம் முள் நிறைந்த நிலம். சீமைக் கருவேல முள் சைக்கிள் டயரை என்ன செய்யும் என்று அறிந்த நமக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. இடத்தை அடைத்தாலும் ஃபோம் விரிப்பே மேல்.

பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகிறவர்களும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்கலாம். மேகமில்லாத வானமும் வறண்ட காற்றும் பகல் சூட்டைத் தக்கவைப்பதில்லை. தூக்கப்பையில் பெரும்பாலும் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் குறைந்த எண்ணைக் காட்டுவார். அது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. நிம்மதியாகத் தூங்கும் அளவு மற்றொன்று. அதைப் பார்த்து வாங்குங்கள்.

தர்மபுரி வெயிலில் வளர்ந்தவனுக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். மே மாதத்தில் உடல் வெயிலுக்குப் பழகினாலும் அந்தப் பழக்கம் சில வாரங்களில் போய்விடும். அதைவிட, குளிர்காலத் தாரில் சோதிப்பது மணல். கெட்டித் தரையில் செலவாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி அதில் செலவாகும். கோட்டைப் படிகள் தொடைக்கும் மூச்சுக்கும் நல்லவை. கெண்டைக்காலும் கணுக்காலும் பழக மணல்தான் வேண்டும். நீர் வற்றிய காலத்தில் தென்பெண்ணை ஆற்றுமணல் போதும். கிருஷ்ணகிரி அணையில் நீர் திறக்கும் நாள்களில் மட்டும் இறங்காதீர்கள். அஞ்செட்டிப் பக்கக் காடுகளில் வனத்துறை அனுமதியின்றி நுழைவதும் வேண்டாம். அங்கே யானைகள் நடமாடுகின்றன.

வெறும் பையோடு ஆறு வாரம் நடந்துவிட்டு, கிளம்பும் நாளில் 12 கிலோ ஏற்றினால் தோளும் இடுப்பும் மறுத்துவிடும். தண்ணீர் பாட்டில்களையே சுமையாக்கி, வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். மலையேறும் நாளில் உச்சியில் குடிப்பதற்குப் போக மிச்சத்தைக் கொட்டிவிட்டு இறங்கினால் முழங்கால் தப்பிக்கும். காலணியும் அதே நடைகளில் பழக வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்குவதால் அரை அளவு பெரிதாக மாலையில் வாங்குங்கள். மணல் புகாமல் இருக்கக் கணுக்கால் உறையும் சேர்த்து வாங்குங்கள்.