உறங்கும் நாயின் மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள்

இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடும் பொமரேனியன், டேஷண்ட் போன்ற சிறு நாய் நன்றாக உறங்கும்போது, அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சு எனக் கொண்டு 30 விநாடிகள் எண்ணி, அதை இரண்டால் பெருக்கி, நாள்தோறும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால், மூச்சுத்திணறல் வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே உறக்க மூச்சின் வேகம் பெரும்பாலும் கூடிவிடும். நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது பொதுவாக இயல்பு. அதைத் தாண்டினால் சற்று நேரம் கழித்து மீண்டும் எண்ணி, அப்போதும் குறையவில்லையென்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இந்தக் கட்டத்தில், உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மருந்தின் அளவை மாற்றினாலே பல நாய்கள் தேறிவிடுகின்றன. ஆனால், மருந்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும் என்பதால், அந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தயவுசெய்து எடுத்து வைக்காதீர்கள்.

கனவில் பாதங்கள் துடிக்கும்போதும், நடந்து வந்த களைப்பிலும், வெக்கையில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போதும் எடுக்கும் கணக்கு பயன்படாது. மூச்சுக்குழல் தளர்வினால் வரும் வறட்டு இருமலையும் இந்த எண்ணிக்கை காட்டிக் கொடுக்காது. நாய் கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, படுக்க மறுத்து மூச்சுக்குத் தவித்தாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.