கோப்பி கப்பும் அதோட ரசிகருங்களும்: இந்தப் படத்த எப்படி வரையிறது

கோப்பி கப்புக்கு கண்ணு மூக்கு வாய் வச்சு சிரிக்க வைக்கிற படம் நெறைய பாத்திருப்பீங்க, ஸ்டிக்கர்ல, டீ ஷர்ட்ல, எங்க பாத்தாலும் அதுதான். தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. கப்பு கப்பாவே கம்முனு உக்காந்திருக்கட்டும், அத பாத்து சொக்கிப் போயி நிக்கிறவங்கதான் படமே. கப்புக்கு மூஞ்சி வச்சா பாக்கறவங்க கண்ணு அந்த மூஞ்சியிலயே நின்னுடும், அப்புறம் சுத்தி எத்தன பேர வரஞ்சாலும் வேஸ்ட். கப்பு அழகுன்னு காட்டணுமா, ஒரு மைனா கழுத்த நீட்டி உள்ள எட்டிப் பாக்கட்டும், அது போதும்.

சாமான் பெருசா ஒன்னும் வேணாம். 2பி பென்சில், ரப்பர், தண்ணி பட்டாலும் கலையாத கருப்பு பேனா, மெல்லிசா ஒரு பிரஷ் தடியா ஒரு பிரஷ், ஒரு மெழுகுவத்தி, அப்புறம் டிராயிங் புளோக். தாளத் தொட்டுப் பாத்து வாங்குங்க, மெல்லிசா இருந்தா தண்ணி பட்டதும் நெளிஞ்சிடும். 300 கிராம்னு போட்ட வாட்டர்கலர் தாள் கெடைச்சா ரொம்ப நல்லது ஆனா வெல கூட, ஸ்கூல் புள்ளைங்க வாங்கற புளோக்குலயே தடிச்சதா ஒன்னு எடுத்து நாலு ஓரத்தையும் பலகையில டேப் போட்டு ஒட்டிட்டா சமாளிச்சிடலாம். கலருக்கு கோப்பியவே வச்சுக்குங்க. கடைக்குப் போயி கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத கோப்பி, பெக்காட்டா, நல்லா கெட்டியா, ஒன்னு புங்குஸ் பண்ணிட்டு, பொட்டலமா கட்டிட்டு வாங்க. கோசோங்னு சொல்லியே ஆகணும், சீனி போட்டதுல வரஞ்சா தாள் காஞ்சாலும் பிசுபிசுன்னு இருக்கும், ராத்திரியே எறும்பு வந்துடும், வரஞ்ச எறும்பு இல்ல, நெச எறும்பு.

மொதல்ல கப்பு. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்ல எந்தச் சீனக் கடைக்குப் போனாலும் ஒரு தடிச்ச வெள்ளப் பீங்கான் கப்பு, பச்சப் பூப் போட்டது, கீழ சாசரோட வரும்ல, அதையே வரைங்க, கேப்பேல குடுக்கற கண்ணாடி கிளாஸ்ல இந்தப் படம் எடுபடாது. வாய் வட்டத்த மேல சைடுல இருந்து பாக்கறப்ப அது முட்ட மாதிரி தட்டையான வட்டமா தெரியும், ரெண்டு ஓரத்துலயும் கூரா முடியக் கூடாது, வளஞ்சு திரும்பணும், எல்லாரும் அங்கதான் கூரா இழுத்துடறாங்க. அடிப்பக்கத்த நேர் கோடா போடாதீங்க. நம்ம கண்ணுக்கு கீழ எறங்க எறங்க வட்டம் இன்னும் உருண்டையா தெரியும், அதனால கப்போட அடி வளைவு வாய் வளைவ விட கொஞ்சம் அதிகமா வளையணும், சாசர் அதுக்கும் மேல. கப்பு கண்ணாடின்னு நெனச்சுக்கிட்டு பின்னால மறைஞ்ச பாதியையும் லேசா வரஞ்சு பாருங்க, எங்க கோணலோ ஒடனே தெரியும், பெறகு அழிச்சுக்கலாம். இந்தக் கப்பு தடிப்பு, அதனால வாய்க்கு ரெண்டு கோடு வேணும், வெளி ஓரம் ஒன்னு உள் ஓரம் ஒன்னு, கோப்பி மட்டம் அதுக்கும் கொஞ்சம் கீழ மூனாவது கோடு. அந்தப் பச்சப் பூ நடுவுல முழுசா விரிஞ்சு தெரியும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கும், கடைசிப் பூ பாதிதான் தெரியும். இத ஒழுங்கா பண்ணிட்டா நெழல் போடாமலே கப்பு உருண்டு நிக்கும்.

இப்ப ஒரு சிக்கல், இதத்தான் ரொம்ப பேரு யோசிக்கறதே இல்ல. ரசிகருங்கள குட்டியா வரஞ்சு கப்ப மல மாதிரி பெருசா வைக்கப் போறோம், தைப்பூசத்துல ரதத்த சுத்தி நிக்கிற கூட்டம் மாதிரி. ஆனா உள்ள இருக்கற கோப்பி நமக்குத் தெரியுதுன்னா நாம கப்ப விட ஒசரத்துல இருந்து பாக்கறோம்னு அர்த்தம், அப்படின்னா கீழ நிக்கிறவங்க ஒடம்பு நேரா முன்னால தெரிய முடியாது, அவங்க தலை உச்சிதான் தெரியணும். கடை வரிசைக்கு மேல மாடி ஜன்னல்ல இருந்து கீழ ரோட்டோரமா நடக்கறவங்கள ஒரு நாள் நின்னு பாருங்க, தலை பெருசு, தோளு அகலம், காலு ரெண்டும் சின்னதா உள்ள போயிருக்கும். அப்படியே வரைங்க. அவங்க கப்ப அண்ணாந்து பாக்கறதால மூஞ்சி மேல திரும்பும், அந்தத் திரும்புன மூஞ்சிதான் இந்தப் படத்தோட உயிரு, தாடை முன்னால வந்து கழுத்து நீண்டு வாய் லேசா தொறந்து. கொஞ்ச பேர மேல ஏத்தி விடுங்க, சாசர் விளிம்புல ஒருத்தர், கப்புல சாத்தி வச்ச கரண்டிய ஏணியா வச்சு ஏறுறவர் ஒருத்தர், கப்புக் காதுல கால தொங்கப் போட்டு ஒரு பையன். கூட்டம் ஒரே வரிசையா நிக்காம மேலயும் கீழயுமா போகும்.

யார் யார வரையலாம்? நான் ரப்பர் மரம் சீவுற அக்காவுல இருந்துதான் ஆரம்பிப்பேன். தலையில துணி கட்டி, நெத்தியில லைட்டு, முழுக்கை சட்டை, பூட்சு, விடியறதுக்கு முன்னாலயே வேலைக்கு எறங்குறவங்க, ஏன்னா குளிர்ச்சியில பால் நல்லா வடியும். அந்த நெத்தி லைட்டு வெளிச்சம் கோப்பி மேல விழற மாதிரி வைங்க, படத்துல வெளிச்சம் எங்க இருந்து வருதுங்கற கேள்விக்கும் பதில் கெடைச்சிடும். அடுத்து தோட்டத்துல ஆளுங்கள மேய்ச்சு ரிட்டையர் ஆன மண்டோர் தாத்தா, கையில வெறும் சாசர ஏந்திக்கிட்டு, சூட்ட ஆத்த சாசர்ல ஊத்தி உறிஞ்சுற பழக்கம் அந்தத் தலமுறைக்கு. மைனா கண்டிப்பா வேணும், கண்ண சுத்தி மஞ்சப் பட்டை, மஞ்ச மூக்கு, மஞ்ச காலு, தலைய ஒரு பக்கமா சாச்சிருக்கும். கடைப் பூனைக்கு வால குட்டையா, நுனியில மடங்குன மாதிரி போடுங்க, நம்ம ஊர்ப் பூன பாதி அப்படித்தான் இருக்கும். எறும்பு வரஞ்சா ஆறு காலும் நடு ஒடம்புல இருந்துதான் வரணும், பின்னால இருக்கற உருண்டைக்கு காலே கெடையாது. ஒரு முசாங்கும், அதான் மரநாய், இருட்டுல இருந்து ரெண்டு கண்ண மட்டும் காட்டலாம், அது கோப்பிப் பழம் தின்னுற ஜாதி.

எனக்கு ரொம்பப் புடிச்ச ரசிகன் மங்கு, ரப்பர் மரத்துல பால் புடிக்க கட்டுற கிண்ணம். பின்னால ரெண்டு மூனு பால் மரம் வரைங்க, சீவுன கோடு இடது மேல இருந்து வலது கீழ சரிஞ்சு வரணும், மாத்திப் போட்டீங்கன்னா தோட்டத்துல வளந்தவங்க ஒடனே கண்டுபிடிச்சிடுவாங்க. கீழ கட்டியிருக்கற மங்கு மட்டும் கம்பிய இழுத்துக்கிட்டு கப்பு பக்கமா லேசா சாயட்டும். கண்ணு கெடையாது, வாய் கெடையாது, அந்தச் சாய்வுலயே ஏக்கம் முழுசும் வந்துடும். அதுக்கு ஒரு நியாயமும் இருக்கு, மலாயாவுல பால் மரத்துக்கு முன்னால பல தோட்டத்துல கோப்பிதான் போட்டிருந்தாங்க, 1890கள்ல பிரேசில் கோப்பி குவிஞ்சு வெல விழுந்த பெறகுதான் ஒன்னொன்னா ரப்பருக்கு மாறுச்சு. மங்கு நிக்கிற மண்ணு மொதல்ல கோப்பியோட மண்ணு.

எல்லாரையும் வரஞ்ச பெறகு ஒவ்வொருத்தர் கண்ணுல இருந்தும் பென்சில்ல லேசா ஒரு கோடு இழுங்க, எல்லாக் கோடும் கோப்பி மட்டத்துல ஒரே எடத்துல போயி சேரணும். சேரலன்னா கருவிழிய கொஞ்சம் நகத்துங்க. ஒருத்தர மட்டும் வேற பக்கம் திரும்பி நிக்க வைங்க, ஆனா கருவிழி ஓரத்துக்கு வந்து கள்ளத்தனமா கப்ப பாக்கணும். அவருதான் எல்லாரையும் விட பெரிய ரசிகர்னு பாக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்.

பேனாவுல கோடு ஏத்தி காஞ்சதும் பென்சில அழிச்சிடுங்க. கலர் போடறதுக்கு முன்னால ஆவி. அத மெழுகுவத்தியால தாள் மேல அழுத்தி இழுங்க, மூனு கோடு ஒரே மாதிரி நெளிஞ்சு போகாம ஒன்னே ஒன்னு தடியா கெளம்பி மேல போயி ரெண்டா பிரிஞ்சு மெலிஞ்சு மறையட்டும், மேல கோப்பி தண்ணி பூசறப்ப மெழுகு பட்ட எடம் வெள்ளையா தங்கிடும். கோப்பிய மூனு மூடியில ஊத்தி ஒன்ன அப்படியே, ஒன்ன பாதித் தண்ணி, ஒன்ன ரொம்பத் தண்ணியா கலந்துக்குங்க. வெளிர்ல ஆரம்பிச்சு காய விட்டு காய விட்டு அடுத்தது. ஈரத்து மேல ஈரம் போட்டா எல்லாம் ஒன்னாயிடும். கப்புக்குள்ள இருக்கற கோப்பி நல்லா கருப்பா வரணும், நம்ம கடைக் கோப்பிக் கொட்டைய சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கறதாலதான் அந்தக் கருப்பு, அதனால அங்க மட்டும் நாலஞ்சு தடவ பூசுங்க. ஈப்போ ஒயிட் கோப்பிதான் வரைவேன்னா அது சீனி இல்லாம மார்ஜரின்ல மட்டும் வறுத்தது, பாலும் சேந்து வெளிர் பழுப்பா இருக்கும், ரெண்டு பூச்சு போதும். ரெண்டுலயும் ஓரமா ஒரு சின்ன வெள்ளப் பொட்டு விட்டுடுங்க, அந்த மினுமினுப்பு இல்லன்னா கோப்பி ஓட்ட மாதிரி தெரியும்.

பூசுன எடம் காயறப்ப ஓரத்துல மட்டும் கருப்பா கோடு கட்டும். சொட்டோட ஓரம் தாள்ல புடிச்சுக்கிட்டு நகராது, அங்க தண்ணி சீக்கிரம் ஆவியாகறதால நடுவுல இருந்து தண்ணி ஓடி வந்து தூளையும் ஓரத்துல கொண்டு சேத்துடும், 1997-ல சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க இத நேச்சர் இதழ்ல விளக்கியிருந்தாங்க. வேணாம்னா டிஷ்யூவால ஒத்தி எடுங்க. வேணும்னா நெசக் கப்போட அடிய கோப்பியில தொட்டு தாள் மூலையில வட்டமா ஒரு அச்சு வைங்க, அந்த வட்டத்துக்குள்ளயே ஒரு எறும்ப மாட்டி விடலாம். பச்சப் பூவுக்கும் மைனா மஞ்சளுக்கும் மட்டும் கலர் பென்சில் தொடுங்க, வேற எங்கயும் கலர் வேணாம்.

முழுசா காஞ்சாத்தான் டேப்ப எடுக்கணும், தாள் பக்கம் இழுக்காம வெளிப்பக்கமா படுக்க வச்சு மெதுவா. நம்ம ஊர் ஈரக் காத்துக்கு பூஞ்சம் புடிக்கும், அதனால நல்லா ஒணந்த பெறகு கண்ணாடி போட்டு நேர் வெயில் படாத செவுத்துல மாட்டுங்க, வெயில் பட்டா கலர் வெளுக்கும். போட்டோ எடுக்கறதா இருந்தா கண்ணாடி போடறதுக்கு முன்னாலயே காலையில வாசல் நெழல்ல வச்சு எடுத்துடுங்க, வீட்டு லைட்டுல எடுத்தா வெள்ளக் கப்பு மஞ்சளா விழும்.