முதல் டிஎஸ்எல்ஆரா? வாங்கும் முன் காசிமேட்டில் ஒரு விடியற்காலை

கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். அதனால் முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வாங்க நினைக்கும் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கோ இரவலோ வாங்கி, நீங்கள் நிஜமாகப் படம் எடுக்கப்போகும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். குறை எல்லாம் அங்கேதான் தெரியும்.

நான் கேனான் 1500டி-யை விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். கூட வரும் 18-55 கிட் லென்ஸை 55-க்கு, அதாவது முழு ஜூமுக்குத் திருப்பினால் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எண் சிறிதானால் துவாரம் பெரிது), ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை 6400-ல் வைத்தும் ஷட்டர் 1/30 நொடியில் நின்றது, தலையில் கூடையோடு ஓடுகிற அக்காவின் முகம் வெறும் கோடாக விழுந்தது, மீன் செதில் பளபளக்க வேண்டிய இடமெல்லாம் மணல் தூவினாற்போல் புள்ளி. அப்புறம் நண்பரின் 50 எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம், ஷட்டர் 1/250 தொட்டது, அதே ஓட்டத்தில் அடுத்தவரின் முகம் தெளிவாக நின்றது. இது லென்ஸ் மாற்றினால் தீரும் குறை, இதற்காகக் கேமரா பாடியை ஒதுக்க வேண்டாம், லென்ஸுக்கான பணத்தையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிக்கான் டி3500 என்றால் ஒரு எச்சரிக்கை: பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மலிவாகக் கிடைக்கும் பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பணம் போட்டாலும் தீராத குறைகள்தான் முக்கியம். 1500டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் 9, எல்லாம் நடுவிலேயே கூட்டமாக இருக்கும், அதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப், அதாவது குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டையும் பிடிப்பது. நொடிக்கு 3 படம். வியாசர்பாடியில் பசங்க ஃபுட்பால் ஆடுவதை எடுக்க ஆசையா, கால் பந்தைத் தொடும் அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் போய்விடும், இதை நம்பி வாங்காதீர்கள். வெளி மைக் மாட்டத் துளை இல்லை, 4கே இல்லை, திரை திரும்பாது. வீடியோதான் உங்கள் வேலை என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பாருங்கள்.

பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகு தெரிவது இன்னொன்று: கேனான் 1500டி, 3000டி இரண்டிலும் ஹாட்ஷூவின் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுமுனை கிடையாது. அந்த ஒற்றை முனையை நம்பி இயங்கும் மலிவான ஃபிளாஷும், தூரத்து ஃபிளாஷை இயக்கும் ட்ரிகரும் அசையாது. கல்யாணத்துக்கு எடுக்கப்போகிறவர் கடையிலேயே தன் ஃபிளாஷை மாட்டி அடித்துப் பார்க்க வேண்டும்.

கண் வைத்துப் பார்க்கும் 1500டி-யின் வ்யூஃபைண்டர், படத்தில் விழுவதில் 95 சதவீதம்தான் காட்டும். ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனின் 1856-ஆம் வருஷத்துத் தூண்களை அளவாகக் கட்டம் கட்டினேன், படத்தில் ஓரமாக ஒரு ஆட்டோவின் பின்பக்கமும் வந்திருந்தது. பழகினால் சரியாகிவிடும், பெரிய குறை இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் லென்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கம் கடல் காற்று, ஈரம், அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இந்த வகைப் பாடிகளில் தண்ணீர்த் தடுப்பும் இல்லை, துறைமுகத்தில் படம் எடுத்த அன்றே லேசாக ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிகா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.