தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஒரு வருஷம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் நம் பக்கத்தில் இரண்டு வேலை ஒன்றாக வந்து நிற்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை வேலை, இந்தப் பக்கம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பை வந்தாச்சு, சீருடை வந்தாச்சு, இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரமே "ஏன் நோட்டு காலியாக இருக்கிறது" என்று பிள்ளையைக் குடைந்தெடுக்கிறவர்களும் உண்டு. திருவாரூர் பக்கத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை வீட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டுதான். பிள்ளை நாள் தவறாமல் போகிறதா, எழுத்தைப் பார்த்துப் புரிந்து வாசிக்கிறதா. நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டை விட்டுவிட்டு வேறு எதையோ பிடித்துத் தொங்குவதால் வருகிறவை.

முதலில் நோட்டு. சாயங்காலம் பையைத் திறந்து எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று எண்ணி, அதை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' முறையில் பாட்டு, கதை, அட்டை, விளையாட்டு என்று நிறைய நேரம் போகும், எழுத்து வேலைக்குத் தனியாகப் பயிற்சி நூல் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதைக் கேள்விப்பட்டு, "மூன்றாவது படிக்கிறவனைப் போய் அரும்பில் உட்கார வைத்திருக்கிறீர்களே" என்று சண்டைக்கு வருகிறார்கள். அது ரேங்க் இல்லை. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். "மொட்டுக்குப் போக இவனுக்கு எது வரவில்லை டீச்சர், வீட்டில் நான் என்ன செய்யட்டும்" என்று கேட்டுப் பாருங்கள், எந்த டீச்சரும் உட்கார வைத்துச் சொல்லுவார்.

வீட்டுப்பாடம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். மத்திய அரசின் 2020-ம் வருஷப் பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 18 கிலோ இருக்கிற பிள்ளைக்கு 1.8 கிலோ. தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள், தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளையாக இருந்தால் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். அப்புறம், கொடுத்த சின்ன வேலையை அம்மாவோ அக்காவோ செய்து அனுப்பாதீர்கள். கோணல்மாணலாகப் பிள்ளை எழுதி வந்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று டீச்சருக்குத் தெரியும்.

வாசிப்புதான் பெரிய விஷயம். பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும், வந்த மாமா அத்தையிடமெல்லாம் படித்துக் காட்டச் சொல்வோம், எல்லோருக்கும் பெருமை. புத்தகத்தை மூடிவிட்டாலும் அதே வேகத்தில் சொல்லுகிறதென்றால் அது வாசிப்பில்லை, வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்டதைப் படத்தைப் பார்த்துச் சொல்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பாடத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து இது என்ன என்று கேளுங்கள், மனப்பாடம் செய்த பிள்ளை முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்கும். பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். 'நாகை' வந்துவிடும், 'குடவாசல்' கொஞ்சம் இழுத்து வரும், 'மன்னார்குடி'யில் புள்ளி வைத்த எழுத்துக்குத் தடுக்கும், 'நாச்சியார்கோவில்' வந்தால் 'நா' சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மெய்யெழுத்து இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அதை மட்டும் தினமும் பத்து நிமிஷம் எடுத்தால் போதும், கடைப் பலகை, மளிகைப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, எதை வேண்டுமானாலும் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். நமக்குப் படிக்கத் தெரியாதே என்று தயங்குகிற அம்மாக்கள் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் புரிந்து படித்த பிள்ளையால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இதை இரண்டாவது முடிவதற்குள் பாருங்கள். மூன்றாவதில் அறிவியல், சமூக அறிவியல் என்று தனித்தனியாக வந்துவிடும். வாசிப்பு வராத பிள்ளைக்கு அன்றைக்கு எல்லாப் பாடமும் சேர்ந்தாற்போல் கஷ்டமாகிவிடும், நாமோ "சயின்ஸ் வரவில்லை" என்று டியூஷன் தேடுவோம். நம் மாநிலத்தில் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. நல்ல ஏற்பாடுதான், ஆறு வயதுப் பிள்ளையை ஃபெயில் என்று சொல்லி உட்கார வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டதாலேயே போன வகுப்புப் பாடம் தெரியும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

திட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். எழுத்தையும் எண்ணையும் இடவலமாகத் திருப்பிப் போடுவது ஆறு ஏழு வயது வரை சகஜம். இடது கையால் எழுதுகிற பிள்ளையை வலது கைக்கு மாற்றவே மாற்றாதீர்கள், தாத்தா பாட்டி என்ன சொன்னாலும் சரி. விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடுகிறார்கள். விரல்தான் அந்த வயதுக்கு ஸ்லேட்டு. ஈர்க்குச்சி பத்தைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக்கி, மூன்று கட்டு நாலு குச்சி என்றால் முப்பத்துநாலு என்று கையில் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது பிறகு தானாகப் புரியும். வாய்ப்பாடு மட்டும் தலைகீழாகத் தெரிந்த பிள்ளை அந்த இடத்தில் திணறும்.

இனி வருகை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். பாடப் புத்தகம் மூன்று பருவம்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல். இதில் நம் ஊருக்குச் சோதனை இரண்டாம் பருவம்தான். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளை உட்காருவதற்குள் தீபாவளி, உடனே ஐப்பசி கார்த்திகை மழை. கலெக்டர் ஒருநாள் லீவு விடுவார், வாய்க்கால் பொங்கிப் பாதையில் தண்ணீர் நிற்கிறதென்று நாம் இன்னும் மூன்று நாள் நிறுத்திக்கொள்வோம், அதற்குள் சனி ஞாயிறு வந்துவிடும். உயிருக்கு ஆபத்தான பாதையில் யாரும் அனுப்ப வேண்டாம், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. மழை விட்ட பிறகும் நிறுத்துவதுதான் தவறு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, வீடும் தென்னையும் போன ஊர்களில் பிள்ளைகள் திரும்பிப் பாடத்தில் உட்காரவே நாளானது, அது யார் கையிலும் இல்லை. சாதாரண மழை வருஷத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு நாளை நாமாக விட்டுக்கொடுக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். புத்தகங்களை உரச் சாக்கு மாதிரி கனமான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிப் பரண் மேல் போடுங்கள், தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது மூலையில் கிடக்கிற பைதான். திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் அன்றைக்கே "எந்தப் பாடம் போய்விட்டது" என்று கேட்டுவிடுங்கள். பொங்கல் வரை தள்ளிப் போட்டால் மூன்றாம் பருவப் புத்தகம் வந்து நிற்கும்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றம், நாகூர் கந்தூரி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, சித்தி வீட்டு வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் போக வேண்டியதுதான். ஒருநாள் விசேஷத்துக்கு முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள் என்று பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். நடவு, களையெடுப்பு நாட்களில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள நாலாவது படிக்கிற பெண் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நடக்கிறது. தங்கச்சியை அங்கன்வாடியில் விடுங்கள்.

காலையில் மணியடிக்கும் நேரத்துக்குத்தான் அனுப்புவோம் என்பதும் தவறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுக்க விரிவுபடுத்தியது நம் திருக்குவளையில்தான். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பள்ளி தொடங்குவதற்கு முன்னால் பரிமாறி முடித்துவிடுவார்கள். விடியற்காலை வயலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தும், வீட்டிலும் சாப்பிடாமல் பள்ளியிலும் தவறவிட்டு வருகிற பிள்ளைகள் பதினோரு மணிக்கெல்லாம் மேஜையில் தலை சாய்த்துவிடும். முன்கூட்டியே அனுப்புங்கள்.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒன்றாவது இரண்டாவது பிள்ளைக்குச் சாயங்காலம் விளையாட்டுத்தான் வேண்டும்.

டீச்சரிடம் புகார் சொல்ல மட்டும் போகாதீர்கள். சும்மா போய்ப் பாருங்கள், பருவத்துக்கு ஒருமுறையாவது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று சீட்டு வந்தால் கிழித்துப் போடாதீர்கள், சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஓட்டை விழுந்த கூரை, பூட்டிக் கிடக்கிற கழிப்பறை, சுற்றுச்சுவர் இல்லாத குளத்துக்கரை, எல்லாவற்றையும் கேட்க வேண்டிய இடம் அது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். சமையலறை எங்கே இருக்கிறது, வெளியே போக எத்தனை வழி என்று கேட்கிற பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது.

பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, கவனம் இல்லை என்று அடிக்காமல் முதலில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய பூஸ்டர் ஊசியையும், பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, பேப்பர் வேலை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவில் இனிஷியலே இல்லை என்று இருக்கும், ஒன்றாவதில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஐந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும், அப்போதே பெயரையும் பிறந்த தேதியையும் சான்றிதழோடு ஒத்துப்பாருங்கள். ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்கு மாறும்போது வாங்குகிற மாற்றுச் சான்றிதழையும் அந்த இடத்திலேயே நின்று ஒருமுறை வாசித்துவிட்டு, தவறு இருந்தால் தலைமையாசிரியரிடம் உடனே திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.