நீண்ட இடைவெளிக்குப் பின் வீட்டில் இயற்கணிதம் கற்பிக்கத் தயாராவது எப்படி?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதைத் தொடும்போது, அதுவரை தயக்கமின்றிப் பாடம் சொல்லிக்கொடுத்த பெற்றோர் பலர் இயற்கணிதத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். கல்லூரியில் கணிதம் படித்தவர்களும், ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். இடைவெளிக்குப் பிறகு சூத்திரங்கள் சில நாள் பயிற்சியிலேயே நினைவுக்கு வந்துவிடும். அந்தச் சூத்திரம் ஏன் சரி என்று பிள்ளை கேட்டால் சொல்வதற்கான விடைதான் எளிதில் திரும்பி வராது. பலருக்கு அது பள்ளி நாளிலேயே சொல்லித் தரப்பட்டிருக்காது. ஆகவே இந்தத் தயாரிப்பில் பெரும்பகுதி நேரத்தை அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குறிப்பு: பாடநூல்கள் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன, இங்கே நான் அவற்றுக்குப் பதிலாக க, ப போன்ற தமிழ் எழுத்துகளை எழுதுகிறேன்.

படி 1: எதுவரை கற்பிக்க வேண்டும் என்று வரையறுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டுக் கல்வியில் உள்ள பிள்ளைகள் பலர், பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். வழியாக எழுதுகிறார்கள். 1989-இல் தொடங்கப்பட்ட இந்த மைய அரசு நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் இடைநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. தமிழ் வழியிலும் எழுதலாம். அதன் கணிதப் பாடநூலில் இயற்கணிதத் தொகுதி எண்களில் தொடங்கி, அடுக்குகளும் மூலங்களும், கோவைகள், காரணிப்படுத்துதல், நேரியல் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, கூட்டுத்தொடர் வரிசை என்று செல்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் மூன்று மாறிகளில் அமைந்த சமன்பாடுகளும் அணிகளும் கூடுதலாக உண்டு. எந்தத் தேர்வு என்று முடிவு செய்யாமல் இரண்டு நூல்களையும் முழுவதுமாகப் படிக்கத் தொடங்கினால், பிள்ளைக்குத் தேவைப்படாத அணிகளில் உங்கள் மாலை நேரங்கள் கரைந்துவிடும்.

எந்தத் தேர்வாக இருந்தாலும் மாநிலப் பாடத்திட்டத்தின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணித நூல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவற்றில், தொடக்க நிலைக்கு ஏற்ற பயிற்சிக் கணக்குகள் போதுமான அளவு இருக்கின்றன.

படி 2: உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

எட்டாம் வகுப்பு நூலின் இயற்கணிதப் பயிற்சிகளை எடுத்து, விடைப் பக்கத்தைப் பார்க்காமல், மனத்தில் போடாமல், ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதிப் போடுங்கள். போட்ட கணக்குகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்: விடையும் வந்தது, காரணமும் சொல்ல முடிகிறது; விடை வந்தது, காரணம் சொல்ல முடியவில்லை; விடையே வரவில்லை. மூன்றாவது வகையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அவற்றை நீங்கள் எப்படியும் உட்கார்ந்து படித்துவிடுவீர்கள். கவனிக்க வேண்டியது இரண்டாவது வகை. கை பழக்கத்தில் ஓடிவிடும் அந்த இடங்களில்தான் பிள்ளையின் கேள்விக்கு ‘அது அப்படித்தான்’ என்ற பதில் நம் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அவற்றைத் தனியாக ஒரு தாளில் பட்டியலிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் பாடத்திட்டம் அந்தத் தாள்தான்.

படி 3: பின்னத்தையும் குறை எண்ணையும் முதலில் செப்பனிடுங்கள்

இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளையின் நோட்டை வரிவரியாகப் பார்த்தால், பிழையின் வேர் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கும். 2/3 + 1/4 என்ற கூட்டலுக்கு மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி 3/7 என்று எழுதும் பிள்ளை, 1/க + 1/ப என்ற கோவைக்கும் தவறாமல் 2/(க + ப) என்றுதான் எழுதும். 11/12 எப்படி வருகிறது என்பதைப் படம் போட்டு விளங்கவைத்துவிட்டால், (க + ப)/கப என்ற விடையைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை இருக்காது.

குறை எண்களுக்கு மூன்று சிறு கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள்: 5 − (−2), (−3)², −(க − 4). விடைகள் முறையே 7, 9, −க + 4. மூன்றாவதில் −க − 4 என்று எழுதினால், அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் குறை உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் உரியது என்பது இன்னும் பதியவில்லை என்று பொருள்.

கழித்தலைக் கடனாகச் சொல்லும் பழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் வைத்துத்தான் விதிகளை எழுதினார். இரண்டு கடன்களின் பெருக்கம் செல்வம் என்பதும் அவற்றில் ஒன்று. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கடன் என்ற விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. பெருக்கலுக்கு அதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்; கடனைக் கடனால் பெருக்குவது எப்படி என்று பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டே தீரும். அங்கே இந்த வழி உதவும்: 5 + (−5) என்பது பூஜ்யம், ஆகவே −3 × [5 + (−5)] என்பதும் பூஜ்யம். பங்கீட்டு விதிப்படி, அதாவது அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வோர் எண்ணையும் −3-ஆல் தனித்தனியே பெருக்கி விரித்தால் −15 + (−3)(−5) = 0. பூஜ்யம் வர வேண்டுமானால் (−3)(−5) என்பது 15 ஆகத்தான் இருக்க முடியும்.

படி 4: ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பதைச் சில வாரங்களுக்குச் சொல்லாதீர்கள்

நம்மில் பெரும்பாலோர் சமன்பாட்டை இந்த ஒரு வாக்கியத்தால்தான் கற்றோம். விடை வேகமாக வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தில் சமன்பாட்டின் பொருள் எதுவும் இல்லை. 3க + 5 = 20 என்ற கணக்கில் பிள்ளை 5-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் 3க = 15 என்று சரியாக எழுதும். அடுத்த வரியில் 3-ஐயும் கொண்டுபோக வேண்டும். குறி மாற வேண்டுமே என்று நினைத்து க = 15 − 3 = 12 என்று ஒரு பிள்ளை எழுதும்; க = 15/(−3) = −5 என்று இன்னொரு பிள்ளை எழுதும். இருவரும் கவனக்குறைவாக இருந்தவர்கள் அல்லர். கேட்ட விதியை நம்பிப் பின்பற்றியவர்கள்.

இதற்குப் பதிலாகத் தராசைக் காட்டுங்கள். இரண்டு தட்டுகளும் சமமாக நிற்கின்றன. ஒரு தட்டில் என்ன செய்தாலும் மறு தட்டிலும் அதையே செய்தால் சமநிலை குலையாது. முதல் சில வாரங்களுக்கு எல்லா வரிகளும் முழுமையாக எழுதப்பட வேண்டும்:

3க + 5 = 20
3க + 5 − 5 = 20 − 5
3க = 15
3க ÷ 3 = 15 ÷ 3
க = 5

பிறகு விடையை முதல் வரியில் பிரதியிட்டு, 3 × 5 + 5 = 20 என்று சரிபார்ப்பதும் கணக்கின் பகுதியே. அது இல்லாத கணக்கை முடிந்த கணக்காக ஏற்காதீர்கள். இந்த ஒழுங்கு கைவந்த பிறகு 5 − 2க = 11 (விடை −3), 4க − 7 = 2க + 9 (விடை 8) போன்றவற்றைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் செய்து செய்து அலுத்துப்போய், ‘நடு வரியை விட்டுவிடலாமா?’ என்று பிள்ளையே கேட்கும் நாளில் சுருக்குவழியை அனுமதியுங்கள். அப்போது அதற்கு அந்த வழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும்.

இதற்கும் முன்னால் சமக்குறியைச் சோதிக்க வேண்டும். 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், வளர்ந்த பிள்ளைகளில்கூடச் சிலர் 12 என்று எழுதுவார்கள். சமக்குறியை ‘விடை இதோ’ என்று படித்துப் பழகியதன் விளைவு அது. 7 என்ற விடை தயக்கமில்லாமல் வரும் வரை சமன்பாட்டைத் தொடங்க வேண்டாம்.

படி 5: எழுத்து எதைக் குறிக்கிறது என்று சொல்ல வையுங்கள்

ஒவ்வொரு மேசைக்கும் 6 நாற்காலிகள் உள்ளன. மேசைகளின் எண்ணிக்கை ம, நாற்காலிகளின் எண்ணிக்கை ந என்றால் சமன்பாடு என்ன? ‘ஆறு நாற்காலி, ஒரு மேசை’ என்று வாக்கியத்தை அப்படியே எழுத்தாக்கி 6ந = ம என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. விடை தவறு என்று சொல்லாமல், மேசை பத்து என்றால் நாற்காலி எத்தனை என்று கேளுங்கள். அறுபது என்று சொன்ன பிறகு தன் சமன்பாட்டில் அந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், பிழையைப் பிள்ளையே பிடித்துவிடும்; ந = 6ம என்று திருத்தியும் எழுதும். எழுத்து என்பது பொருளின் சுருக்கப்பெயர் அல்ல, எண்ணிக்கை ஒன்றுக்கான இடம் என்பது இந்த ஒரு கணக்கில் தெளிவாகிவிடுகிறது.

கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே காட்டிவிடலாம். க/2 + க/3 = 10 என்றால் இரு பக்கமும் 6-ஆல் பெருக்கலாம்; 5க = 60, க = 12. சமக்குறி இல்லாத க/2 + க/3 என்ற கோவையை 6-ஆல் பெருக்கி 5க என்று எழுதினால் அதன் மதிப்பே மாறிவிடும். சரியான விடை 5க/6.

படி 6: பெருக்கத்தையும் இருபடியையும் வரைந்து காட்டுங்கள்

(க + 3)² என்பதை க² + 9 என்று எழுதாத மாணவர் அரிது. (க + ப)² = க² + 2கப + ப² என்ற முற்றொருமையை மீண்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதால் இது தீராது. பக்கம் க + 3 உள்ள ஒரு சதுரத்தை வரைந்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொரு கோடு போடுங்கள். க² என்று ஒரு சதுரம், 3க என்று இரண்டு செவ்வகங்கள், மூலையில் 9 என்று ஒரு சிறு சதுரம் கிடைக்கும். விடுபட்ட 6க எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை. இதே கட்டத்தைத் திருப்பிப் பயன்படுத்தினால் க² + 7க + 12 என்பதன் காரணிகளும், (க + 3)(க + 4) என்று, படத்தின் ஓரங்களிலேயே தெரியும்.

இருபடிச் சமன்பாட்டுக்கும் இந்தப் படமே அடிப்படை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, க² + 10க = 39 என்ற கணக்கை இப்படித்தான் விளக்கினார். க² பரப்புள்ள சதுரத்தின் இரு பக்கங்களில் 5க பரப்புள்ள இரண்டு செவ்வகங்களை ஒட்டுங்கள். மொத்தப் பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து அளவில் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த 25-ஐச் சேர்த்தால் முழுச் சதுரத்தின் பரப்பு 64, அதன் பக்கம் 8; ஆகவே க = 3. இவ்வளவும் காகிதத் துண்டுகளை வெட்டி மேசைமேல் வைத்தே செய்துவிடலாம். நீளமாகப் பார்த்ததால் அவர் மிகை விடையோடு நிறுத்திக்கொண்டார்; இன்றைய மாணவர் −13 என்ற இரண்டாம் விடையையும் எழுத வேண்டும் (169 − 130 = 39). நேரடியாகச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதைவிட, இந்தக் கணக்கில் ஒரு முழு மாலையைச் செலவிடுவது எவ்வளவோ மேல். 10-க்கும் 39-க்கும் பதிலாக எழுத்துகளை வைத்தால் சூத்திரம் தானாகவே பிறக்கும்.

க² = 5க என்ற கணக்கையும் விட்டுவிடாதீர்கள். இரு பக்கமும் க-ஆல் வகுத்தால் 5 என்ற ஒரே விடை வரும், பூஜ்யம் என்ற விடை தொலைந்துபோகும். க² − 5க = 0 என்று எழுதி, க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துவதுதான் முறை.

படி 7: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

பக்கத்தின் மேலே அன்றைய கருத்து ஒரே வாக்கியத்தில். அதன் கீழே முழுமையாகப் போட்ட ஒரு கணக்கு. பிறகு பிள்ளை எங்கே தவறக்கூடும் என்ற உங்கள் ஊகம். கடைசியாகப் பயிற்சிக் கணக்குகள். அவற்றில் ஒன்றிரண்டு பழைய பாடத்திலிருந்து இருக்க வேண்டும். கொடுக்கப்போகும் எல்லாக் கணக்கையும் முன்னதாக நீங்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சொற்கணக்குகளை வீட்டைச் சுற்றியே உருவாக்கலாம். ஒரு வாடகைக் கடையில் பந்தலுக்கு 2,000 ரூபாய், நாற்காலி ஒன்றுக்கு 8 ரூபாய். இன்னொரு கடையில் பந்தலுக்கு 1,400 ரூபாய், நாற்காலி ஒன்றுக்கு 12 ரூபாய். எத்தனை நாற்காலிக்கு இரண்டு கடையிலும் ஒரே தொகை ஆகும்? 2000 + 8க = 1400 + 12க என்பதிலிருந்து க = 150, தொகை 3,200 ரூபாய். இரண்டு கோடுகளையும் வரைபடத்தாளில் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் எண்களை மாற்றிப் பார்க்கலாம். கையால் வரைவதற்கு முன்னால் வேண்டாம்.

படி 8: பாடம் நடத்தும்போது

விடை சரியாக இருந்தாலும் ‘இது எப்படி வந்தது, சொல்லு பார்க்கலாம்’ என்று கேளுங்கள். தவறானபோது மட்டும் கேட்டால், கேள்வியே ‘தப்பு’ என்ற அறிவிப்பாகிவிடும். பெற்றோர் திருத்துவதை இந்த வயதுப் பிள்ளைகள் எளிதில் ஏற்பதில்லை. பிரதியிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் திருத்தும் வேலையைக் கணக்கே செய்துவிடும். உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால் ‘நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள்.

பிழைகளுக்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டு, தவறிய வரி, ஏன் தவறு, சரியான வரி ஆகிய மூன்றையும் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள். தேர்வு நெருங்கும்போது முந்தைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடச் சொல்லி, விடைத்தாளை இந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பிழை மீண்டும் வந்திருந்தால் அன்று புதிய வினாத்தாளை எடுக்காமல், அந்தப் பாடத்தின் ஒரு பக்கக் குறிப்புக்குத் திரும்பிச் செல்லுங்கள்.