ஓபன் டி ட்யூனிங்கில் மிக்ஸோலிடியன்: அரிகாம்போதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கிதாரில் மிக்ஸோலிடியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசையின் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கர்நாடக இசையின் 28-வது மேளமான (தாய் ராகமான) அரிகாம்போதியின் அதே ஏழு ஸ்வரங்கள்தான். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ட்யூனிங், அதாவது கம்பிகளைச் சுருதி சேர்ப்பது. ஓபன் டி என்றால் விரல் வைக்காமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும். தடித்த ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள் (இவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). மூன்றாவதை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கு, முதலாவதை இ-யிலிருந்து டி-க்கு. ஐந்தும் நான்கும் அப்படியே இருக்கட்டும். நான்கு கம்பிகள் தளர்ந்ததும் கழுத்தின் மேல் இழுப்பு குறையும். தொடாத கம்பிகள்கூடக் கொஞ்சம் சுருதி ஏறிவிடும். அதனால் இரண்டாவது சுற்று கட்டாயம். ஒவ்வொரு கம்பியையும் வேண்டிய சுருதிக்குக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தினால் நழுவாது.

சுருதி பார்க்க போன் ஆப்பை விட்டுவிட்டு, கிதாரில் மாட்டும் கிளிப் ட்யூனர் வாங்குங்கள். கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் குடியிருப்பவன் சொல்கிறேன்: ஆப் லாரி ஹாரனையும் சேர்த்துக் கேட்கும், கிளிப் மரத்தின் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும். கம்பியும் 10 கேஜ் (தடிமன்) வேண்டாம், தளர்த்தினால் கரகரக்கும். 12 போடுங்கள்.

இனி ஸ்வரங்கள் (திறந்தபடி என்றால் விரல் வைக்காமல்; ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை):

நான்காவது கம்பி: திறந்தபடி ஸ, 2-வது ஃப்ரெட் ரி
மூன்றாவது: திறந்தபடி க, 1-வது ஃப்ரெட் ம
இரண்டாவது: திறந்தபடி ப, 2-ல் த, 3-ல் நி
முதலாவது: திறந்தபடி மேல் ஸ

விரல் வேலை இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் மேலும் கீழும் ஓட்டினால் அரிகாம்போதி கேட்காது. முக்கால்வாசிப் பேர் நிற்பது இங்கேதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்றாவது கம்பியின் ம-வில் தொடங்கி ப, த, நி, மேல் ஸ வரை போய், முதல் கம்பியிலேயே 2, 4, 5-வது ஃப்ரெட்களில் முடியுங்கள். அச்சு அசலாகச் சங்கராபரணம்! கிரக பேதம், அதாவது ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸ ஆக்கிப் பார்ப்பது, படித்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. அரிகாம்போதியின் மத்யமத்தை (ம) ஸ ஆக்கினால் வருவது அதுதான். இப்போது அதே விரல்கள், அதே ஃப்ரெட்கள்; கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ஆறாவது கம்பியைத் திறந்தபடி மீட்டட்டும். காது உடனே டி-க்குத் திரும்பிவிடும், ம பழையபடி ம ஆகிவிடும். நம் பக்கத்து பாரதக் கூத்தில் ஆர்மோனியக்காரர் விடாமல் பிடிக்கும் சுருதி மாதிரிதான் இந்தக் கட்டைவிரல். அது நின்றால் ராகமும் போச்சு. ஆகவே முதலில் கட்டைவிரலை மட்டும் பழக்குங்கள். ஸ்வரம் அப்புறம்.

அலுத்துவிட்டால் மூன்றாவது கம்பியை இன்னும் அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஆக்குங்கள். ம இப்போது அந்தக் கம்பியின் 2-வது ஃப்ரெட்டுக்குப் போகும். மற்றதெல்லாம் பழையபடி. கரகரப்பிரியா கிடைக்கும், மேற்கத்தியர்களுக்கு டோரியன். ஆறு கம்பியும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று வைப்பவர்களும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பியது. அழகான ட்யூனிங்தான், ஆனால் திறந்த கம்பியில் காந்தாரம் (க) இல்லாததால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பின்சேர்க்கை: பாடிக்கொண்டே வாசிக்க டி, அதாவது 2 கட்டை சுருதி, ஒத்துவரவில்லை என்று ஓசூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். ட்யூனிங்கைத் தொடாதீர்கள். 5-வது ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டால் 5 கட்டை, 3-ல் போட்டால் 4 கட்டை. மேலே சொன்ன ஃப்ரெட் எண்களைக் கேபோவிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.