ரப்பர் திண்டு வைத்தும் அதிர்வு குறையாதது ஏன்? டேம்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாஷிங் மெஷின் தடதடத்தால் எல்லாரும் முதலில் வாங்குவது ரப்பர் திண்டுதான். சில வீடுகளில் அதை வைத்த பிறகு கீழ்வீட்டுக்கு அதிர்வு இன்னும் கூடிவிடுகிறது. டேம்பிங்கையும் ஐசோலேஷனையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் வினை இது.

டேம்பிங், அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைக்கிறது. மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கும்போது நடப்பது அதுதான். ஐசோலேஷன், நெகிழும் ஒன்றை நடுவில் வைத்து அதிர்வைத் தரைக்குக் கடத்தாமல் தடுக்கிறது.

திண்டின் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். மெஷினின் எடையில் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு. 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் (திண்டின் மேல் மெஷின் தானாகவே ஆடும் வேகம்) சுமார் 16 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 16 ஆட்டம். மெஷின் சுற்றுவது நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் 20 ஹெர்ட்ஸ், அதாவது இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.25 மடங்கு. இந்த விகிதம் 1.41ஐத் தாண்டினால்தான் ஐசோலேஷன் பலன் தரும். அதற்குக் கீழே அதிர்வு பெருகும். 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ், 2.5 மடங்கு. அப்போது நல்ல பலன் தெரியும். ரப்பர் அதிரும்போது சற்று விறைப்பாகிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அமுங்கட்டும்.

டேம்பிங் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பதும் தவறு. மெஷின் வேகம் பிடிக்கும்போது நிமிடத்துக்கு 480 சுற்றில் அதே 8 ஹெர்ட்ஸைக் கடக்கிறது. சுற்றும் வேகமும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகும் அந்த ஒத்ததிர்வு நொடிகளில் டேம்பிங் இல்லாவிட்டால் மெஷின் துள்ளும். ஆனால் 1.41ஐத் தாண்டிய வேகத்தில் அதே டேம்பிங் அதிர்வைத் தரைக்குக் கூடுதலாகக் கடத்தும். அதனால் அளவாக இருக்க வேண்டும்.

டேம்பரை எந்த அதிர்வெண்ணுக்கு வைக்கிறோம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலின் உச்சியிலுள்ள ஸ்கைபார்க் தளம், கோபுரத்தைத் தாண்டி சுமார் 65 மீட்டர் தாங்குதூண் இல்லாமல் நீள்கிறது. அதன் ஆட்டத்தை அடக்க டியூன்ட் மாஸ் டேம்பர் (எதிர்த்திசையில் ஆடி ஆட்டத்தைத் தணிக்கும் எடை) பொருத்தியிருக்கிறார்கள். இவ்வகை டேம்பர் தனக்கென்று குறித்த அதிர்வெண்ணையொட்டித்தான் வேலை செய்யும். லண்டன் மில்லெனியம் பாலம் 2000இல் திறந்த சில நாட்களிலேயே பக்கவாட்டில் ஆடியதால் மூடப்பட்டது. ஆட்டத்தை அளந்து, அதற்கேற்ற டேம்பர்கள் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். அளக்காமல் வாங்கும் டேம்பர் வெறும் எடை.

ஏர்கான் கம்ப்ரஸரில் இன்னொன்றைக் கவனியுங்கள். அடியில் ரப்பர் இருந்தும், போல்ட் இரும்பையும் இரும்பையும் நேரடியாக இறுக்கிப் பிடித்தால் அதிர்வு போல்ட் வழியாகவே சுவருக்குப் போய்விடும். போல்ட்டைச் சுற்றியும் ரப்பர் வேண்டும்.

புதிய வாஷிங் மெஷின் முதல் நாளிலேயே குதித்தால், பின்பக்கம் பாருங்கள். கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகள் அப்படியே இருக்கலாம். அவற்றைக் கழற்றும் வரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும் வேலை செய்யாது. திண்டு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.